கோட்டு நூலின் ஜொலிப்பு

"அடேயப்பா, என்ன வெளிச்சம்!"

நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்த ஆராய்ச்சியாளர் அருள்மொழி முணுமுணுத்தது நூல்துணுக்கின் காதில் விழுந்தது. அவளுடைய வெள்ளைக் கோட்டிலிருந்து உதிர்ந்து கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிக்கொண்ட துணுக்கு அது. நுண்ணோக்கியின் விளக்கொளி பட்டதும் நீலமாக ஜொலித்தது.

"கேட்டியா தம்பி? என்னைத்தான் சொல்றாங்க!" என்று கண்ணாடிக்கு அடியில் இருந்த உயிரணுவிடம் பீற்றிக்கொண்டது.

"கேட்டேன் அண்ணே. ஆனா அது நீங்க குளிச்ச சலவைத்தூளோட பளபளப்பு. எனக்குப் பச்சைச் சாயம் ஏத்தத்தான் அந்தப் பொண்ணு காலையிலிருந்து சாப்பிடாம நிக்குது. நானும் மினுங்கிட்டுத்தான் இருக்கேன். உங்க வெளிச்சத்துல எடுபடல."

"எடுபடலைன்னா என்ன?"

"தகட்டோட குப்பைக்கூடைக்குப் போவேன்."

நூல் கண்ணாடியை இறுகப் பற்றிக்கொண்டது. இதுவரை கோட்டிலிருந்து அதைத் தட்டிவிட்டவர்கள்தான் உண்டு; வியந்து பார்த்தவர் யாருமில்லை.

"அட, இது தூசு! பச்சையைக் காணோமே," என்று அருள்மொழி தகட்டை எடுத்து நீண்ட பெருமூச்சு விட்டாள்.

அந்தக் காற்று வந்ததும், கண்ணாடியை இறுகப் பற்றியிருந்த நூல் பிடியை விட்டது.