அன்னக்கொடி கஷாயம்

"அக்கா, எனக்கு இன்னொரு மடக்கு!"

"தள்ளி நில்லுடா. நான்தான் முந்தி வந்தேன்."

அலுமினிய டம்ளரும் கையுமாகக் கைதிகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பகுதியிலிருந்து வந்திருந்த கைதி ஒருத்தி நடுவில் நின்று, பானையிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். வசுந்தரா வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டார். மதுவிலக்கு மறுபடி அமலுக்கு வந்திருக்கும் நேரத்தில், அதுவும் ஜெயிலுக்குள்ளேயே!

"பயப்படாதீக மேடம், கஷாயம்தான்" என்று சிரித்தார் சூப்பிரண்டு ஆண்டிச்சாமி. "குடிய மறக்கடிக்கிற மருந்து. ஒரு சித்த வைத்தியர் சொல்லிக் குடுத்தது."

வசுந்தரா மதுரையில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி விரிவுரையாளர். குடியை நிறுத்துவதற்காகச் சிறைகளில் நடக்கும் திட்டங்களைச் சோதித்து அறிக்கை தரும்படி அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. இதுவரை ஒரு திட்டமும் அவரிடம் தேறவில்லை. ஒரு சிறையில் யோகாசனம் கற்றுக்கொண்டவர்கள், விடுதலையான மறுநாளே தலைகீழாகக் கிடந்தார்கள், சாக்கடையில். அவருடைய ஜீப்பைக் கண்டாலே சூப்பிரண்டுகள் லீவு போட்டுவிடுவார்கள்.

"வாயில வச்சுப் பாருங்கம்மா" என்று அந்தப் பெண் ஒரு டம்ளரை நீட்டினாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதுமே வசுந்தராவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு கசப்பு.

"இதையா இவ்வளவு ஆசையாக் குடிக்கிறாங்க?"

"அது அன்னக்கொடி கைப்பக்குவம் மேடம்" என்றார் ஆண்டிச்சாமி. "முன்னாடி வார்டர் காய்ச்சுனப்ப ஒரு பய தொடல. இவ ஊத்துனா மட்டும் வரிசையில வந்து நிக்கிறானுக."

அன்னக்கொடி வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தம்மா மேல என்ன கேஸ்?"

"இங்க எல்லாருக்கும் உள்ளதுதான். மதுவிலக்குக் கேசு."

பாவம், பெண்களும் இந்தப் பாழாய்ப்போன குடியில் விழுந்துவிட்டார்களே என்று வசுந்தராவின் மனம் இளகியது. ஆனால் அறிக்கை என்று வந்துவிட்டால் அவர் லேசில் இளகுகிற ஆள் இல்லை.

"உள்ள இருக்கற வரைக்கும் எல்லாருமே யோக்கியன்தான் சார். வெளிய போனவங்களைப் பாக்கணும்" என்றபடி ஜீப்பில் ஏறினார். பெரும்பாலான கைதிகள் உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள். ஜீப் அங்கே போனது.

போன மாசம் விடுதலையான பேயாண்டி புஞ்சையில் களை வெட்டிக்கொண்டிருந்தான். வசுந்தரா அவனைக் கூப்பிட்டு, "எங்கே, ஊதுங்க" என்றார். அவன் கூச்சத்தோடு ஊதினான். வெங்காய வாடைதான் வந்தது.

அவர் விடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களையும் ஊத வைத்தார். பீடி நாறியது, கருவாடு நாறியது. சாராயம் மட்டும் இல்லை. ஜெயில் வாசலையே மிதிக்காதவர்கள்கூடச் சுத்தமாக இருந்தார்கள். ஒரு நல்ல திட்டம் ஊரையே திருத்திவிடும் போலிருக்கிறது என்று வசுந்தரா நெகிழ்ந்துபோனார்.

பேயாண்டியின் மனைவி ரெங்கம்மாள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்பீக டீச்சரம்மா. அன்னக்கொடி அங்கன இருக்கவும்தான் எங்க வீட்டுல ஒழுங்கா ஒல கொதிக்குது."

வசுந்தரா முதல்முறையாக ஒரு திட்டத்தைப் பாராட்டி எழுதினார். எல்லாச் சிறைகளிலும் இந்தக் கஷாயத்தைக் கொடுக்கலாம் என்றார். அதோடு நிற்கவில்லை. இத்தனை குடும்பங்களை வாழவைத்த அன்னக்கொடியை நன்னடத்தைக்காகச் சீக்கிரமே விடுதலை செய்ய வேண்டும் என்று மேலதிகாரிகளைப் பார்த்து மன்றாடினார்.

"அவ போயிட்டா கஷாயத்துக்கு யாரு மேடம்?" என்று தலையைச் சொறிந்தார் ஆண்டிச்சாமி.

"வார்டருக்குக் கத்துக்குடுத்துட்டுப் போகட்டும் சார். ஒரு நல்ல மனுசிய எதுக்கு அடைச்சு வைக்கணும்?"

அன்னக்கொடி விடுதலையாகும் நாளில், அவளுக்கு ஒரு சுங்கடிச் சேலை வாங்கிக்கொண்டு வசுந்தராவே நேரில் வந்தார். சிறை வாசலில் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. அந்த ஊர் ஆண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் லாரி பிடித்து வந்திருந்தார்கள். முன்னால் ஆளுயர ரோஜா மாலையோடு பேயாண்டி நின்றான்.

வசுந்தரா பூரித்துப்போனார். எவ்வளவு நன்றியுள்ள ஜனங்கள்!

பேயாண்டி அவரைக் கண்டதும் மாலையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். "நீங்க தெய்வம் டீச்சரம்மா! ஒரு வருசமா நாங்க பட்ட பாடு உங்களாலதான் தீந்துச்சு."

"எழுந்திருங்க, எழுந்திருங்க. ரெங்கம்மா வரலையா?"

"அவ காலையிலருந்து அழுதுக்கிட்டுக் கெடக்காம்மா. ஊருப் பொம்பளைக எல்லாருமே அழுகுறாக."

"சந்தோசத்துலயா?"

பேயாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சுத்துப்பட்டுலயே சாராயம் காய்ச்சத் தெரிஞ்ச ஒரே ஆளு அன்னக்கொடி அக்காதானம்மா!"