வட்டவளையில் இறங்கிய சீஐடி

அந்தப் பக்கம் சீஐடிக்காரன் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டிருந்தான். இந்தப் பக்கம் நான் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“பூந்துட்டான், பூந்துட்டான்! ஆத்தாடி, ஒட்டு மீசை கதவுல மாட்டிக்கிச்சே!” என்று பக்கத்து வீட்டுப் பிரேமினி கத்தினாள்.

என்னை வயிறெரிய வைக்கத்தான் இந்தக் கத்தல். போன மாதம் இடி விழுந்து என் டிவி கருகிப்போனது லயம் முழுக்கத் தெரியும். அன்றிலிருந்துதான் இவளுக்கு வாய் முளைத்தது. முன்பெல்லாம் தன் டிவியை விட்டுவிட்டு என் வீட்டில் வந்து உட்கார்ந்து இதே நாடகத்தைப் பார்க்கும்போது ஊமை மாதிரி இருப்பாள். நான்தான் பேசுவேன், அவள் சிரிப்பாள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அங்கே கடுகு தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும்.

எந்த நாட்டு நாடகமோ, தமிழில் பேசவிட்டிருக்கிறார்கள். ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிக்கும். அதில் வரும் சீஐடிக்காரன் யாரையும் சுடமாட்டான். துப்பறியப் போன வீட்டுக் குசினியில் எதையாவது எடுத்துத் தின்று மாட்டிக்கொள்வான். மீசையை ஒட்டினால் பெற்ற தாய்க்கும் அவனை அடையாளம் தெரியாது. புத்தி இருக்கிறவர்கள் பார்க்கிற நாடகமா? இல்லைதான். ஆனால் நாள் முழுக்க மலையில் நின்று கங்காணியிடம் ஏச்சு வாங்கிவிட்டு வந்தால், அந்த அரை மணி நேரம் வேண்டியிருந்தது. அவனுக்கு ஆபத்து வரும், ஆனால் ஒன்றும் ஆகாது. எங்களுக்கு அப்படிப்பட்ட ஆபத்து வாய்த்ததில்லை.

பிரேமினியோடு பேச்சு நின்று மூன்று மாதம்.

தோட்டத்து நிலத்தில் யாருக்கும் தெரியாமல் நான் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியை, தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஆள் விட்டுப் பிடுங்கிப் போட்டார். காட்டிக்கொடுத்தது பிரேமினிதான் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், நாற்பது பேர் முன்னால், அவளைப் பார்த்து ‘சீஐடி’ என்று கத்தினேன். இன்னும் சொல்லக் கூசுகிற நாலு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

ஒரே வாரத்தில் உண்மை தெரிந்தது. நோர்வூட் பஸ்ஸில் கண்டாக்கையா வீட்டம்மாவிடம் போஞ்சி காய்த்துத் தொங்குகிற அழகைப் பற்றிப் பெருமை பீற்றியது யார்? நானேதான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அன்றைக்கே போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். வீரம்மாவுக்கு வாய் நீளம் என்று என்னைச் சொல்வார்கள். அந்த நீள வாய் இதற்கு மட்டும் திறக்கவில்லை. மலையில் அவள் பக்கத்து நிரையில்தான் கொழுந்து எடுக்கிறாள். தண்ணீர்ப் பீலியில் எனக்கு முன்னால்தான் குடம் வைக்கிறாள். இத்தனை கிட்டத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருப்பதைப்போல ஒரு தண்டனை இல்லை.

“நாயைக் கூட்டிக்கிட்டு வர்றான் தடியன்! அலமாரிகிட்ட வந்துட்டான்!”

கீரையை விட்டுவிட்டுக் காதை இன்னும் அழுத்தினேன். நாடகத்துக்கு இன்றைக்குத்தான் கடைசி நாள். நாய் குரைத்தது.

பட்டென்று என் வீட்டு பல்ப் அணைந்தது. குரைப்பும் நின்றது.

நாசமாய்ப் போன கரண்ட்! இதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா?

“கதவைத் தொறக்கிறான்! ஐயையோ, உள்ள ஆளைக் காணோம்!”

திடுக்கிட்டேன். அவள் வீட்டில் மட்டும் எப்படிக் கரண்ட் இருக்கும்? வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். மேல் லயம், கீழ் லயம், கோயில், எல்லாம் கும்மிருட்டு. அவள் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே டிவி வெளிச்சம் இல்லை, விளக்கும் இல்லை.

அந்த இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

“ஜன்னல் வழியா குதிச்சுட்டான். ஓடுறான். ரயில்ல தொத்திக்கிட்டான். இந்தா, வட்டவளை ஸ்டேசன்ல எறங்கிட்டான்!”

எந்த நாட்டுச் சீஐடி எங்கள் ஊர் வட்டவளையில் வந்து இறங்குவான்?

அவள் புருஷன் செல்லசாமி கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போய் ஐந்து மாதம். பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது.

எனக்கு உறைத்தது. இந்த ஒரு மாதமாக அவள் கத்திக் கத்திப் படம் காட்டியது யாருக்கு என்று உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. அழுகையும் வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து, தட்டுத் தடுமாறி, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

“ரொட்டியும் கட்டச்சம்பலும் வாங்கித் திங்கிறான். தின்னுட்டு மலையில ஏறுறான்.”

அதோடு குரல் நின்றது. அதற்கு மேல் அவளுக்குக் கதை வரவில்லையோ, எழுந்து போய்விட்டாளோ தெரியவில்லை. சுவரில் காதை வைத்துக் காத்திருந்தேன்.

“மலையில ஏறுறான்...” என்றாள் மறுபடியும். இந்த முறை கத்தவில்லை. சுவருக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னாள்.

கேட்கிறவர் வாய் திறக்காவிட்டால் கதை சொல்கிறவர் எவ்வளவு நேரந்தான் தனியாகச் சொல்வார்?

“ம்...” என்றேன்.