வைரப் படலத்தில் ஒரு ரேகை

ஓர் அணு கனமே உள்ள கிராஃபீன் என்ற கார்பன் தாள்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூடிய கலத்துக்குள் ஹைட்ரஜன் செலுத்தினால் அவை வைரம்போல இறுகிப் படலமாகும். அந்த வழியைக் கண்டுபிடித்தவர், அதே ஆய்வுக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்த அவளுடைய அக்கா புருஷன். ஆய்வுக்கூடத் தலைவர் அதைப் பற்றிய கட்டுரையிலிருந்து அத்தான் பெயரை எடுக்கச் சொன்னபோது, வேலை போய்விடுமோ என்று பயந்து அவள்தான் தன் கையால் அழித்தாள். அத்தான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனமொடிந்து வெளியேறியவர் ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் ஒரு நாள் அவள் கலத்தைத் திறந்து, புதிய படலத்தை நுண்ணோக்கியில் வைத்தாள். நடுவே ஒரு கட்டைவிரல் ரேகை, குறுக்கே வெட்டுத் தழும்போடு. அத்தானின் அந்த வெட்டுக்குக் கட்டுப் போட்டவளே அவள்தான்.

"கையுறை போடாம தொட்டியா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். ரேகை மேல இல்ல. ரெண்டு தாளுக்கும் நடுவுல இருக்கு."

அமிலத்தில் கழுவினார்கள். போகவில்லை. மறுபடி செய்த மூன்று படலங்களிலும் அதே ரேகை.

"படத்துல மட்டும் அழிச்சிட்டு அனுப்பு. உனக்குப் பழக்கம்தானே?" என்றார் தலைவர்.

அவள் படத்தைத் திரையில் திறந்தாள். ரேகையை அழித்தாள். அரை நிமிட வேலைதான்.

மாலையில் வாசலில் இருந்த வருகைப்பதிவுக் கருவியில் கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அத்தானின் பெயரும், அவர் முகமும், கீழே 'நன்றி, நாளை சந்திப்போம்' என்ற வரியும் வந்தன.

"என்னம்மா, நகரு" என்று பின்னால் நின்ற தலைவர் தன் விரலை நீட்டினார்.