கீழ்க் கிண்ணத்துக் குழிகள்

திரைச்சீலையின் அடியிலிருந்து ஒரு பீங்கான் தட்டு உள்ளே நகர்ந்து வந்தது. தட்டில் இரண்டு இரும்புக் கிண்ணங்கள், ஒரு கைப்பிடி பேரிங் குண்டுகள், எல்லாவற்றின் மேலும் கறுத்துப்போன பழைய கிரீஸ்.

வஜீஹா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ராயப்பேட்டைச் சந்துக்குள் மெஹபூப் பாஷாவின் பட்டறை வீட்டோடு ஒட்டியது. மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்தைப் பிரிப்பது அவர் வேலை. ஹேண்டில் திரும்புகிற இடத்துக் குண்டுகளை எண்ணெய் போகக் கழுவி, மேல், கீழ்க் கிண்ணங்களில் புது கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாகப் பதித்துத் தருவது திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மகளின் வேலை. வண்டி கொண்டுவருகிறவர்களுக்கு இது தெரியாது.

இன்றைய வண்டி வலியுல்லாவுடையது.

வலியுல்லா அவளைப் பெண் கேட்டிருக்கும் மாப்பிள்ளை. திருவல்லிக்கேணியில் குடைக் கடை வைத்திருக்கிறார். வண்டியை விட்டுவிட்டுப் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் வஜீஹா சம்மதமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். அவள் வாயால் சொன்னால்தான் ஆயிற்று என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதில்லை. கையில் கிடைத்திருப்பது அவருடைய பழைய கிரீஸ் மட்டும்தான்.

சம்பந்தம் கொண்டுவந்த ஹாஜிரா பீ பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பையன் அவ்ளோ சுத்தம், வஜீஹா. சட்டையில ஒரு கறை பாக்க முடியாது."

வஜீஹா விரலால் கிரீஸை வழித்தாள். தார் மாதிரி வந்தது.

"கடை வுட்டா வூடு, வூடு வுட்டா மசூதி. வேற எங்கியும் போவ மாட்டான்."

கிரீஸுக்குள் மணல் நறநறத்தது. கடைக்கும் வீட்டுக்கும் மசூதிக்கும் நடுவில் இத்தனை மணல் எந்தத் தெருவில் கொட்டிக் கிடக்கிறது என்று வஜீஹாவுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பெரியவளின் வாயில் வெற்றிலை இருந்தது; சிரித்தால் புரையேறும்.

"பொறுமைன்னா அப்டி ஒரு பொறுமை" என்றாள் ஹாஜிரா பீ.

கீழ்க் கிண்ணத்தைக் கெரசினில் அலசி, வஜீஹா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குண்டுகள் உட்காரும் தடம் முழுக்கக் குழி குழியாக இருந்தது. பள்ளத்தைக் கண்டும் பிரேக் பிடிக்காமல் முன் சக்கரத்தை இறக்குகிறவன் வண்டியில்தான் அப்படி ஆகும். இறங்குகிற ஒவ்வொரு அடியையும் கீழ்க் கிண்ணம்தான் வாங்கிக்கொள்ளும்.

பொறுமைசாலி!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. நிக்காஹ் ஆனபின் இந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகப்போவது அவள்தானே.

வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்தாள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"கீழ்க் கிண்ணம் எப்டிம்மா கீது?" என்று திரைக்கு அப்பாலிருந்து அப்பா கேட்டார்.

"குழி குழியா கீதுப்பா. பள்ளத்துல எல்லாம் தொபுக்குத் தொபுக்குன்னு வுட்டிருக்காரு. ரோட்டப் பாத்து ஓட்டவே மாட்டாரா அந்த மனுசன்?"

ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு, அவரா? அவரு எங்கம்மா ஓட்டினாரு? ஓட்டவே தெரியாது. சண்டை முடிஞ்சு மிலிட்டரி வண்டிய எல்லாம் ஏலம் வுட்டாங்களே, அதுல போன வாரம்தான் எடுத்தாராம். பைகிராப்ட்ஸ் ரோடு பூரா தள்ளிக்கினு வந்து நிக்கிறாரு."

வஜீஹா கையிலிருந்த கிண்ணத்தை மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

அப்படியானால் இந்தத் தார், இந்த மணல், இந்தக் குழிகள் எல்லாம் யாரோ ஒரு பட்டாளத்துக்காரனுடையவை. இவ்வளவு நேரமும் அவள் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தது அவனைத்தான்.

"வழியெல்லாம் 'இன்னா நைனா, பெட்ரோல் இல்லியா'ன்னு கேட்டாங்களாம். எல்லாருக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கினே வந்தேன்றாரு."

"ஓட்டத் தெரியாதவரு எதுக்குப்பா வாங்கினாரு?"

"மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வூட்ல பொண்ணு கேக்கணும்னா, கையில ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தாவணும்னு நெனச்சிட்டாராம்."

ஹாஜிரா பீக்குப் புரையேறிவிட்டது. வஜீஹா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். முதுகையும் தட்டிவிட்டாள்.

குழி விழுந்த கிண்ணத்துக்குப் பதிலாக வேறொரு கிண்ணம் திரைக்கடியில் நழுவி வந்தது. அவள் அதில் கிரீஸைத் தடவி, குண்டுகளைப் பதிக்கத் தொடங்கினாள். வழக்கத்தைவிட மெதுவாகப் பதித்தாள். தெருக்கோடியில் தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

கிண்ணத்தைத் தட்டில் வைத்து வெளியே தள்ளினாள்.

"அப்பா."

"இன்னாம்மா?"

"முன் சக்கரத்து பேரிங்குக்கும் கிரீஸ் வெச்சிடுங்க. போவும்போதும் தள்ளிக்கினுதானே போவாரு."

"கிரீஸு கெடக்கட்டும்டி. சம்மதமா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல" என்றாள் ஹாஜிரா பீ, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதான் சொல்லிட்டாளே." திரைக்கு அப்பால் கிரீஸ் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

"பின் சக்கரத்துக்கும் வெச்சிடறேம்மா" என்றார் அப்பா.