இரண்டு பாத்திக் கதிர்

"விதையை அரைச்சு ரொட்டி சுட்டுத் தின்னுட்டு, மொளைக்கலைன்னு கதையா விடுறீங்க?"

தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு செல்லசாமி போட்ட சத்தத்தில் லயத்து நாய்கூட எழுந்து தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

அவருக்கு முன்னால் நின்ற மீனம்மா அழுதேவிட்டாள். "மாரியாத்தா மேல சத்தியமுங்க. ஒரு மணி வாயில வைக்கல. அம்புட்டையும் விதைச்சேன்."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசைக்குப் பின்னால், வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு துண்டு நிலம். மாவுக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் கிடக்கக் கூடாது, மலையிலேயே கோதுமை விளைய வேண்டும் என்று சர்க்கார் போட்ட திட்டம். தை மாதம் வீட்டுக்கு இரண்டு கொத்து அளந்து விதை கொடுத்தார்கள். கதிர் பிடித்தால் துண்டு அந்தக் குடும்பத்துக்கே. விதையைத் தின்றவர்களின் துண்டு பறிபோகும். இதற்குச் சம்மதம் என்று எல்லாரிடமும் கைநாட்டும் வாங்கியிருந்தார்கள்.

இப்போது பதினோரு துண்டு வெறும் மண். வீரம்மாவின் துண்டில் மட்டும் இரண்டு பாத்தி நிறையக் கதிர்!

"பாருங்க சேர், இவ ஒருத்திதான் யோக்கியம்" என்றார் கண்டாக்கு.

அப்போதுதான் வந்து இறங்கியிருந்த விவசாய உத்தியோகத்தர் ஞானரட்ணம் நேரே வீரம்மாவின் துண்டுக்கு நடந்தார். சப்பாத்தெல்லாம் சேறாகப் பாத்தியில் குந்தி, ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்தார்.

"அம்மா, இது நாங்க குடுத்த விதைதானா?"

"ஆமாங்க" என்றாள் வீரம்மா. அவள் புருஷன் மாயாண்டி அவளைவிட வேகமாகத் தலையாட்டினான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாங்க குடுத்ததேதானா?"

வீரம்மா மாயாண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" கண்டாக்கு முந்திக்கொண்டார். "மத்தவங்க தின்னுட்டாங்க. எழுதிக்குங்க சேர், பதினோரு துண்டையும் பிடுங்கிருவோம். மொதல்ல இந்த மீனம்மா துண்டு!"

மீனம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வீரம்மாவின் கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் மடியில் வைத்துக் காத்தவள் அவள். வீரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, தின்னது நாந்தாங்க!"

"ஏ வீரம்மா!" மாயாண்டி பதறினான்.

"நீங்க சும்மா இருங்க. மாசியில ஒரு வாரம் விடாத மழைங்க. வேலை இல்ல, வீட்டுல நாலு புள்ளைக. அரைச்சு ரொட்டி சுட்டுட்டேன். ஒரு மணி மிச்சம் வைக்கல. துண்டு சும்மா கெடந்தா மாட்டிக்குவோம்னு பயந்து, மாரியாத்தா திருவிழாவுல மொளைப்பாரியை ஆத்துல விடுறப்ப, யாருக்கும் தெரியாம நாலு பானை நாத்தை மடியில கட்டியாந்து நட்டேன். ராகலைக் கடையில வாங்குன நவதானியமுங்க. பயறு, தட்டை எல்லாம் குளிருல செத்துச்சு. இந்தக் கோதுமை மட்டும் நின்னுச்சு. ஆத்தாவுக்குப் போக வேண்டியதைத் திருடினவ நானு. என் துண்டை எடுத்துக்குங்க. மீனம்மா பொய் சொல்லலீங்க."



ஞானரட்ணம் எழுந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"யார் துண்டும் எங்கயும் போகாது. கண்டாக்கு ஐயா, இந்தக் கதிர்ல ஒரு மணி சிந்தாம எடுத்து வைக்கச் சொல்லுங்க. வர்ற வருசம் பன்னெண்டு துண்டுக்கும் இதுதான் விதை."

"அதெப்படி சேர்? தின்னவளை விட்டுட்டா, சர்க்கார் குடுத்த விதைக்கு என்ன மரியாதை?"

"அந்த விதையைப் பத்திச் சொல்லி இவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் நான் வந்ததே. கதிரைப் பாத்ததும் எனக்கே நம்ப முடியல" என்றார் ஞானரட்ணம். "குடோன்ல சூடேறி, மூட்டைக்குள்ளயே செத்துப்போன விதையைத்தான் எல்லாருக்கும் குடுத்திருக்கோம், அது ரொட்டி சுட மட்டும்தான் ஆகும்!"