யூனிஸ் கொண்டுவந்த தோரணம்

“இவ்வளவு அழகான சாமானெல்லாம் யாரு கல்யாணத்துக்குடி வாங்கினது?”

பச்சை டிரங்குப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த ஜெயசீலிக்குக் கண் விரிந்தது. சுருள் சுருளாக வெள்ளைக் காகிதத் தோரணம், விரித்தால் பூவாய் மலரும் காகித மணிகள், லேஸ் வைத்துத் தைத்த திரைச்சீலை. எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசனை.

“எங்க வீட்டுக் கல்யாணம் ஒண்ணுக்கு அப்பா வாங்கினது. சும்மாதானே கிடக்கு, உனக்கு உதவட்டும்,” என்றாள் யூனிஸ்.

இருவரும் தாம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். யூனிஸ் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தன்னந்தனியாக வந்து வேலைக்குச் சேர்ந்தவள். பெரிய லீவுக்குக்கூட ஊருக்குப் போகமாட்டாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஜெயசீலியின் அப்பா தனசிங் ரயில்வேயில் ரிட்டயரானவர். கல்யாணத்தைச் சிக்கனமாக முடிக்க வேண்டும். அதே சமயம் ஆவடியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கவும் கூடாது. அந்தக் கவலையிலேயே அவருக்குத் தூக்கம் போயிருந்தது.

யூனிஸ்தான் வழி சொன்னாள். “சீரியல் லைட்டு, மைக் செட்டு ஒண்ணும் வேணாம் அங்கிள். அந்தக் காலத்து மிஷனரிங்க கோயிலை எப்படி ஜோடிச்சாங்களோ, அப்படியே ஜோடிச்சிடலாம். பழைய பாணின்னு எல்லாரும் மெச்சுவாங்க. நான் பாத்துக்கறேன்.”

சொன்னபடியே ஓடி ஓடிச் செய்தாள். நிச்சயதார்த்தத்தன்று மட்டும் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள்.

“பாரு, நீ அவரை இன்னும் நேர்ல பாக்கவே இல்ல,” என்று ஜெயசீலி குறைப்பட்டுக்கொண்டாள். “அவருக்கும் பூர்வீகம் உங்க ஊர்ப் பக்கம்தான்டி.”

“எங்க ஜில்லா ரொம்பப் பெரிசு,” என்று சிரித்தாள் யூனிஸ்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பள்ளிக்கரணையிலிருந்து வண்டிக்காரர் பொன்னுசாமி வண்டி நிறையக் கோரை கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கினார்.

“இன்னாம்மா இது, பூ கட்ற எடத்துல கோரையக் கட்டிகினு கீறீங்க?”

“கட்டி முடிச்சதும் வந்து பாருங்க,” என்றாள் யூனிஸ். மூங்கிலை வளைத்து, கோரையைச் சுற்றி, நடுநடுவே வெள்ளைத் தோரணத்தைக் கோத்ததும் வாசல் வளைவு ஜில்லென்று எழுந்து நின்றது. பொன்னுசாமியே வாயைப் பிளந்தார்.

உள்ளே காகித மணிகளை மாட்டும்போதுதான் ஜெயசீலி கவனித்தாள். எதிலும் ஓர் ஊசித் துளைகூட இல்லை. திரைச்சீலையின் மடிப்புகூடக் கலையவில்லை.

“இதையெல்லாம் மாட்டவே இல்லியாடி? அந்தக் கல்யாணம் என்னாச்சு?”

யூனிஸ் ஏணிமேல் நின்றிருந்தாள். திரும்பாமலே பதில் சொன்னாள்.

“நடக்கல. அன்னிக்கே அந்தப் பொண்ணு செத்துட்டா.”

ஜெயசீலியின் கையிலிருந்த மணி நழுவி விழுந்தது. செத்துப்போனவளுக்கு வாங்கிய தோரணத்தின் கீழேயா நாளைக்கு மோதிரம் மாற்றுவது? கழற்றிவிடச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வேறு தோரணத்துக்கு எங்கே போவது? அதைவிட, யூனிஸின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை.

காற்றே இல்லை. ஆனாலும் லேஸ் திரை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் அவளுக்குப் பட்டது.

மறுநாள் விடிந்ததிலிருந்தே மழை. வெள்ளைப் பட்டும் தலையில் வலை முக்காடுமாக ஜெயசீலி கோயிலின் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். குறித்த நேரம் தாண்டியும் மாப்பிள்ளை வரவில்லை. போதகர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெஞ்சுகளில் முணுமுணுப்பு கிளம்பியது.

“அனகாபுத்தூர்கிட்ட ஆத்துத் தண்ணி ரோட்டுக்கு ஏறிடுச்சாம்,” என்று யாரோ சொன்னார்கள்.

ஜெயசீலி ஜன்னலோரம் நின்ற யூனிஸின் கையைப் பிடித்தாள். அது பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

“யூனிஸ், நேத்துச் சொன்னியே, அந்தப் பொண்ணு... அவதான் தடுக்கறாளாடி?”

யூனிஸின் முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. கண்கள் வாசலை விட்டு அகலவில்லை.

“அவ தடுக்கமாட்டா ஜெயா. அவளும் வாசலைப் பாத்துக்கிட்டுதான் நிக்கறா.”

ஜெயசீலி கண்களை இறுக மூடி ஜெபிக்கத் தொடங்கினாள்.

எத்தனை நேரம் போயிற்றோ, வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. “மாப்பிள்ளை வந்தாச்சு!” என்று அப்பாவின் குரல் உடைந்து கூவியது. முழங்கால் வரை சேறும், நனைந்த கோட்டுமாக வில்பிரட் காரை விட்டு இறங்கினான். வழியில் கார் நின்றுபோக, தண்ணீரில் இறங்கி அவனும் சேர்ந்து தள்ளியிருக்கிறான்.

ஜெயசீலிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

யூனிஸ் பன்னீர்ச் செம்போடு வளைவின் கீழே போய் நின்றாள். சிரித்தபடி படியேறி வந்த வில்பிரட் அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். ஒரு கால் மேல் படியில், ஒரு கால் கீழ்ப் படியில். மழை அவன் முகத்தில் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

யூனிஸ் அவன்மேல் பன்னீர் தெளித்தாள். பிறகு, அவனுக்கும் ஜன்னலுக்கும் மட்டும் எட்டும்படி, மெல்லச் சொன்னாள்:

“இந்தத் தடவையாவது வந்தீங்களே.”