ஆந்தையின் கழுத்து

"ஒரே ஒரு தடவை கீழ விழுந்துடுங்க சார், போதும்."

சூறாவளியின் மகள் இப்படிக் கேட்டபோது, முகமூடியின் கயிற்றைக் கட்டப் பின்னால் கை எட்டாமல் திணறிக்கொண்டிருந்தார் ஆந்தை.

இருபத்திரண்டு வருடம் விழுந்தாயிற்று. எல்லாம் அவளுடைய அப்பாவிடம்தான். இன்னும் ஒரு தடவையாம்.

டாக்டர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். இந்தக் கழுத்தோடு தும்முவதானால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு தும்முங்கள் என்று சொன்ன மனிதர் அவர்.

அறையில் புதுப் பெயிண்ட் வாடை. வாசலில் ஆள் உயர எழுத்தில் சூறாவளியின் பெயர். இன்று மல்யுத்தப் பள்ளி திறப்பு விழா.

தோற்றவன் பேரை எவன் பள்ளிக்கு வைப்பான்? அதில் ஆந்தைக்கு வருத்தமே இல்லை என்றால் அது பச்சைப் பொய். வருத்தம் இருந்தது. ஆனால் அதற்கும் அவரைப் போலவே வயசாகிவிட்டது.

மூலையில் நாற்காலியில் சூறாவளி உட்கார்ந்திருந்தார். பளபளக்கும் மேலங்கியின் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். மகளைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று இதற்குள் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

சூறாவளி கோதாவில் ஏறுவார் என்று அழைப்பிதழ் அச்சாகும்போதுகூட அவருக்கு ஓரளவு நினைவு இருந்ததாம். ஒரே மாதத்தில் எல்லாம் துடைத்துவிட்டது போல் போய்விட்டது.

"கோதாவுல ஏறி அப்பா திருதிருன்னு முழிச்சா, எல்லாரும் போன்ல எடுத்துப் போட்டுடுவாங்க சார். இத்தனை வருஷத்துப் பேரு, ஒரு நிமிஷத்துல சிரிப்பா சிரிச்சிடும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைச் சமாதானப்படுத்துவது போல் இன்னொன்றும் சொன்னாள்.

"அப்பா உங்களைப் பாத்துப் பக்குவமாத்தான் அடிப்பாராமே. கழுத்தைப் பிடிச்சிருக்கும்போதே, அடுத்து என்ன செய்யணும்னு உங்க காதுல சொல்லிக்குடுப்பாராம்."

சூறாவளி கொடுத்த எல்லாப் பேட்டியிலும் வந்த வரி அது. ஆந்தையும் படித்திருக்கிறார்.

"ஆமாம்மா," என்று முதுகைத் திருப்பிக் காட்டினார். "இந்தக் கயித்தைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டு."

அவள் கட்டினாள்.

மேடைப் பகையாளிகள் சேர்ந்து டீ குடிப்பதை யாராவது பார்த்துவிட்டால் தொழில் படுத்துவிடும். அதனால் ஒரே ஊருக்கு இரண்டு பஸ்ஸில் போனார்கள். இரண்டு லாட்ஜில் தங்கினார்கள். பேச வேண்டியதையெல்லாம் அந்தக் கழுத்துப் பிடிக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பெண் பிறந்த சேதியும் அப்படித்தான் வந்தது. அவளுடைய சொந்த அத்தைமாருக்குத் தெரிவதற்கு முன்னால், சூறாவளியின் அக்குளில் மூக்கு நசுங்கியபடி ஆந்தை அதைக் கேட்டார். சுற்றிலும் ஆயிரம் பேர், "நெரி! நெரி!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதையெல்லாம் இப்போது இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கோதாவில் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. கூட்டம் எழுந்து நின்று சூறாவளியின் பெயரைச் சொல்லிக் கத்தியது.

சூறாவளி நட்டநடுவில் நின்றார். வேறு யாரோ வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்டவர் போல் சுற்றும்முற்றும் பார்த்தார். கத்தல் மெல்ல அடங்கியது. முன்வரிசையில் ஒருவன் போனை உயர்த்தினான்.

அப்பா தடுக்கி விழுந்தால் பிடிக்க, மகள் கோதாவின் கயிற்றுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.

ஆந்தைக்கு ஓட முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நடந்தே போனார். தாமதிக்காமல் தன் தலையைத் தானே சூறாவளியின் கைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்.

கை மடங்கியது. மறக்கவில்லை. பார்ப்பவர்களுக்கு நெரிப்பது போல் இருக்கும். உள்ளே இருப்பவருக்குத் துண்டு போர்த்தியது போல்தான் இருக்கும். அப்படியே இருந்தது, அதே இறுக்கம்.

மேலே இருந்து, காதோரம், அந்தக் குரல் வந்தது.

"அண்ணே... அடுத்து என்ன?"

ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு பிடியிலும், இருபத்திரண்டு வருடமாகக் கேட்ட அதே கேள்வி.

கயிற்றுக்கு வெளியே நின்ற மகளின் காதிலும் அது விழுந்தது.

ஆந்தை முகமூடிக்குள்ளிருந்து வழக்கம்போல் சொன்னார். "இடுப்புல கை குடு தம்பி. தூக்குற மாதிரி காட்டு, நானே எம்பிக்கிறேன். விழுந்ததும் வலது கையை மேல தூக்கிட்டு நில்லு."

எம்பினார். முகவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, உள்ளங்கையால் பலகையை ஓங்கி அறைந்தபடி விழுந்தார். பலகைச் சத்தம் அரங்கம் முழுக்க அதிர்ந்தது. கழுத்துக்குள் ஏதோ ஒன்று சொடுக்கியதை வேறு யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தின் கைதட்டல் கூரையைப் பிளந்தது.

தோற்றவன் சட்டென்று எழுந்துவிடக் கூடாது. ஆந்தை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். இந்தத் தடவை அது நடிப்பா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

சூறாவளி வலது கையைத் தூக்கியபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். தூக்கிய கையை இறக்கவே அவருக்குத் தோன்றவில்லை.

கயிற்றுக்கு அடியில் யாரோ மண்டியிடும் சத்தம். சூறாவளியின் மகள் ஆந்தையின் காதருகே குனிந்தாள்.

"பெரியப்பா," என்றாள். "அப்பாவை எப்போ கையை இறக்கச் சொல்லணும்?"

ஆந்தை கண்ணைத் திறக்கவில்லை.

"கைதட்டல் ஓயட்டும்மா."